மாகாணப் பரிந்துரை விலைக்கு வருமா? கனடாவின் பிராந்தியக் குடிவரவுத் திட்டங்களும் மலையகமும்

ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்து இளைஞர்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான விளம்பரம் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. கனடாவில் பண்ணை வேலை, குடும்பத்தோடு நிரந்தர வதிவிடம், ஆங்கிலப் பரீட்சை தேவையில்லை, இப்போது முற்பணம், மிச்சம் விசா வந்த பிறகு. மாகாணத்தின் பெயர் மட்டும் மாறும். ஒருமுறை சஸ்கச்சுவான், ஒருமுறை மனிற்றோபா, இன்னொருமுறை நோவா ஸ்கோஷியா. நகையை அடகு வைப்பதா, தம்பியின் படிப்பை நிறுத்துவதா என்று வீட்டில் பேச்சு தொடங்குவது இந்த விளம்பரத்திலிருந்துதான்.

அந்த மாகாணங்களுக்கு வெளிநாட்டவரைத் தெரிவு செய்யும் உரிமை இருப்பது உண்மை. அதற்கென்று தனித் திட்டங்கள் இருப்பதும் உண்மை. விளம்பரத்தில் உள்ள உண்மை அவ்வளவுதான். மற்றவற்றைப் புரிந்துகொள்ள, இந்தத் திட்டங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

மாகாணம் கேட்கும், மத்திய அரசு தீர்மானிக்கும்

கனடாவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ரொறன்ரோ, மொன்றியல், வன்கூவர் ஆகிய மூன்று நகரங்களைச் சுற்றியே குடியேறினார்கள். எங்கள் ஆட்களும் அப்படித்தான். 1983க்குப் பிறகு போனவர்கள் ஸ்காபரோவில் இறங்கி அங்கேயே வேர்விட்டார்கள். மறுபக்கம், உள்நாட்டு மாகாணங்களிலும் அத்திலாந்திக் கரையிலும் இளைஞர்கள் ஊரைவிட்டுப் போக, வயதானவர்கள் மிஞ்சினார்கள். வைத்தியசாலைக்கும் பண்ணைக்கும் தொழிற்சாலைக்கும் ஆள் இல்லை. எங்களுக்குத் தேவையானவர்களை நாங்களே தெரிவு செய்கிறோம் என்று மாகாணங்கள் கேட்டன. 1998இல் மனிற்றோபா முதலில் ஆரம்பித்தது. கியூபெக்குக்குத் தனி ஒழுங்கு உண்டு, நுனாவுட்டில் இந்தத் திட்டம் இல்லை. மற்றப் பதினொரு மாகாணங்களும் ஆள்புலங்களும் இன்று சொந்தமாக ஒரு பரிந்துரைத் திட்டம் வைத்திருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது, மாகாணம் விசா கொடுப்பதில்லை. இன்னாரை எங்களுக்கு வேண்டும் என்று பரிந்துரைக் கடிதம் கொடுக்கும், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தோடு மத்திய குடிவரவுத் திணைக்களத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உடல்நலம், குற்றப் பதிவு, பாதுகாப்பு எல்லாவற்றையும் பார்த்து இறுதி முடிவெடுப்பது அவர்கள்தான். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற மத்திய புள்ளி முறைக்குள் இருப்பவருக்கு மாகாணப் பரிந்துரை கிடைத்தால் 600 புள்ளி சேரும். அதற்குப் பிறகு அழைப்பு வருவது ஏறத்தாழ உறுதி. அந்த 600 புள்ளிதான் சந்தையில் விற்கப்படுவதாகச் சொல்லப்படும் பொருள்.

இந்த இடங்களின் எண்ணிக்கையும் கூடிக் குறைகிறது. 2024இல் நாடு முழுவதற்கும் 110,000 என்று இருந்த மாகாணப் பரிந்துரை இலக்கு 2025இல் பாதியாக, 55,000 ஆக வெட்டப்பட்டது. 2026க்கு 91,500 என்று மீண்டும் உயர்த்தியிருக்கிறார்கள். முகவர் ஒருவர் 2023இல் தன் மச்சான் போன கதையைச் சொன்னால், அது 2023இன் கதை. விதி அதற்குப் பிறகு பலமுறை மாறிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பரிந்துரை பெறுகிறவர்களில் பலர் ஏற்கெனவே கனடாவுக்குள் மாணவராகவோ தற்காலிகத் தொழிலாளராகவோ இருப்பவர்கள். 2025 மார்ச்சில் சஸ்கச்சுவான் அறிவித்த மாற்றத்தின்படி, அதன் பரிந்துரைகளில் நான்கில் மூன்று பங்கு அப்படி உள்ளே இருப்பவர்களுக்கே. வெளிநாட்டிலிருந்து நேரே எடுப்பது சுகாதாரம், விவசாயம், கைத்தொழில் நுட்பம் போன்ற சில துறைகளுக்கு மட்டும். சாப்பாட்டுக் கடை, லொறி, சில்லறை வியாபாரம் ஆகியவற்றுக்கு உச்சவரம்பு. இந்த ஒரு அறிவிப்பே ஊரில் சுற்றும் விளம்பரங்களில் பாதியைப் பொய்யாக்கிவிடுகிறது.

ஐந்து இலக்கத்தில் ஒரு வாழ்க்கை

இனி மலையகத்துக்கு வருவோம். கனடா ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்கக் குறியீடு ஒன்று வைத்திருக்கிறது. முதல் இலக்கம் துறையைச் சொல்லும். இரண்டாவது இலக்கம்தான் தலையெழுத்து: 0 முதல் 5 வரையான படிநிலை. 0 முகாமையாளர், 1 பட்டம் தேவைப்படும் தொழில், 2உம் 3உம் டிப்ளோமாவோ தொழிற்பயிற்சியோ தேவைப்படுபவை, 4 பாடசாலைக் கல்வியும் சில வாரப் பயிற்சியும், 5 எந்தக் கல்வியும் தேவையில்லை என்று அவர்கள் கருதும் வேலை. 2022 நவம்பரிலிருந்து இந்த முறைதான் நடைமுறையில் இருக்கிறது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். டிக்கோயாப் பக்கம் ஒரு டிவிசன், ஒரு லயன். அம்மா இருபது வருடமாகக் கொழுந்து எடுக்கிறார். கனடாவின் பட்டியலில் அது அறுவடைத் தொழிலாளி, 85101. இரண்டாவது இலக்கம் 5. அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இயந்திரம் இயக்குகிறார். உணவு, பானப் பதப்படுத்தலில் இயந்திர இயக்குநர், 94140, படிநிலை 4. அதே ஸ்டோரில் மூட்டை தூக்குகிறவர் என்றால் 95106, படிநிலை 5. மூத்த மகன் வெள்ளவத்தையில் ஒரு கடையில் சமையல் செய்கிறான்: 63200, படிநிலை 3. மாமா பாரவூர்தி ஓட்டுகிறார்: 73300, அதுவும் 3. மகள் முன்பள்ளி ஆசிரியை: 42202, படிநிலை 2, ஆனால் அங்கே போய் அந்த வேலையைச் செய்யப் பெரும்பாலான மாகாணங்களில் தனிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். பெரட்டு எடுத்து ஆட்களைப் பிரித்து அனுப்பும் கணக்கப்பிள்ளை பண்ணை மேற்பார்வையாளர் என்ற 82030இன் கீழ் வரக்கூடும், படிநிலை 2.

பதவியின் பெயரை வைத்து இது தீர்மானிக்கப்படுவதில்லை. அன்றாடம் செய்த வேலை என்ன என்பதை வைத்தே பார்க்கிறார்கள். சூப்பர்வைசர் என்று கடிதம் வாங்கிவிட்டு, நேர்முகத்தில் மூட்டை தூக்கிய கதையைச் சொன்னால் விண்ணப்பம் அதோடு சரி.

இருபது வருடம் கொழுந்து எடுத்தவரின் கைக்குத் திறமை இல்லை என்பதை மலையகத்தில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வரலாறும் ஒப்புக்கொள்ளவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்களைப் பங்குபோட, 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 975,000 பேர் என்று கணக்கு. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அவர்களையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். யாருக்கு எந்த நாடு என்பதை ஒப்பந்தம் முடிவு செய்த பிறகு, இந்தியா அவர்களை எங்கே வைப்பது என்று யோசித்தபோது பார்த்தது அவர்களுடைய தொழிலைத்தான். நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம், இன்று டான்டீ என்று அழைக்கப்படுவது, இவர்களுக்காக உருவானது. குன்னூரும் கோத்தகிரியும் கூடலூரும் பந்தலூரும் அப்படித்தான் கண்டியிலிருந்து வந்தவர்களின் ஊர்களாயின. கேரளத்தின் புனலூரிலும் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பக்கத்திலும் இறப்பர்த் தோட்டங்களில் குடியேற்றப்பட்டவர்களும் உண்டு.

அதுவும் ஒரு பிராந்தியக் குடிவரவுத் திட்டம்தான், வேறு பெயரில். ஆள் இல்லாத மலைக்குத் தொழில் தெரிந்த ஆட்களைக் கொண்டுபோய், குடியுரிமையும் கொடுத்து வைத்தார்கள். வித்தியாசம், அங்கே அவர்கள் விண்ணப்பிக்கவில்லை, அனுப்பப்பட்டார்கள். அந்தத் தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது என்று நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022இல் தமிழக அரசு முடிவெடுத்தபோது, மூன்றாம் தலைமுறையும் வீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டி வந்தது. ஒரு தொழிலோடும் ஓர் ஊரோடும் கட்டப்பட்ட குடியிருப்புக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு.

கனடா இந்த ஒரு விடயத்தில் வேறுபடுகிறது. விண்ணப்பிக்கும்போது அந்த மாகாணத்தில் வாழும் உண்மையான நோக்கம் உங்களுக்கு இருக்க வேண்டும். ஆனால் நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகு நாட்டின் எந்தப் பகுதிக்கும் போய் வாழவும் வேலை செய்யவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. இறங்கின மறுநாளே ரொறன்ரோவுக்கு பஸ் ஏறலாம் என்று இதற்கு அர்த்தம் சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். நோக்கம் ஆரம்பத்திலேயே பொய் என்று தெரிந்தால் அது பொய்த் தகவல் கொடுத்த குற்றம்.

எந்தத் திட்டத்தில் யாருக்கு இடம்

பல திட்டங்களில் இரண்டை மட்டும் விரிவாகப் பார்க்கலாம். பட்டதாரியாக இல்லாத ஒருவருக்கு எட்டக்கூடியவை இவைதான்.

முதலாவது, அத்திலாந்திக் திட்டம். நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோஷியா, பிரின்ஸ் எட்வேர்ட் தீவு, நியூஃபவுண்ட்லாந்து லாப்ரடோர் ஆகிய நான்கு மாகாணங்களுக்கானது. 2017இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 2022 ஜனவரியில் நிரந்தரமானது. மாகாணம் அங்கீகரித்த ஒரு முதலாளி வேலை தர வேண்டும். கடைசி ஐந்து வருடத்துக்குள் 1,560 மணித்தியாலம், அதாவது ஒரு வருட முழுநேர வேலை அனுபவம் வேண்டும். படிநிலை 0 முதல் 4 வரை ஏற்கிறார்கள். 5 இல்லை. கொழுந்து எடுத்த அனுபவம் இங்கே செல்லாது. ஸ்டோரில் இயந்திரம் இயக்கிய அனுபவம் செல்லக்கூடும்.

இரண்டாவது, 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட கிராமியச் சமூகத் திட்டம். இதில் மாகாணம்கூட இல்லை, சிறு நகரங்களே தெரிவு செய்கின்றன. மொத்தம் 14 இடங்கள். ஒன்ராறியோவின் சட்பரி, தண்டர் பே, ரிமின்ஸ், நோர்த் பே, சூ செயின்ற் மேரி, மனிற்றோபாவின் பிரண்டன், ஸ்ரைன்பாக், அல்ரோனா, சஸ்கச்சுவானின் மூஸ் ஜோ, அல்பேர்ட்டாவின் கிளெயர்ஸ்ஹோம், நோவா ஸ்கோஷியாவின் பிக்ரோ, இன்னும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூன்று பகுதிகள். குளிர்காலத்தில் மறை முப்பது பாகைக்கும் கீழே போகும் ஊர்கள் இவற்றில் பல. நுவரெலியாவின் பனித்துளியைக் குளிர் என்று நினைப்பவர்கள் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இந்தத் திட்டத்தில் படிநிலை 5க்கும் இடம் உண்டு. அப்படியானால் அந்த அம்மா விண்ணப்பிக்கலாமா? காகிதத்தில், ஆம். நடைமுறையில் அவருக்கு முன்னால் நான்கு தடைகள். ஒன்று, படிநிலை 5 என்றால் முன்பு செய்த அதே குறியீட்டு வேலையே அங்கேயும் கிடைக்க வேண்டும். இரண்டு, ஒவ்வொரு நகரமும் தனக்கு முன்னுரிமையான தொழில்களின் பட்டியலை வைத்திருக்கிறது. அதில் அந்த வேலை இருக்க வேண்டும். மூன்று, கனடாவின் உயர்நிலைப் பாடசாலைக்குச் சமமான கல்வி வேண்டும். தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்கு அது முடியாது. நான்கு, ஆங்கிலம்.

ஆங்கிலத்தைப் பற்றி ஊரில் இரண்டு விதமான பொய்கள் இருக்கின்றன. தேவையே இல்லை என்பது ஒன்று. தோட்டப் பிள்ளைகளால் முடியவே முடியாது என்பது மற்றது. இரண்டாவதுதான் அதிகம் கெடுதல் செய்வது. கிராமியத் திட்டத்தில் படிநிலை 4, 5 வேலைகளுக்குக் கேட்பது கனேடிய மொழி அளவுகோலில் 4. ஐ.ஈ.எல்.ரி.எஸ். பொதுப் பிரிவில் அது கேட்டலில் 4.5, வாசிப்பில் 3.5, எழுத்திலும் பேச்சிலும் 4. படிநிலை 2, 3 வேலைகளுக்கு அளவு 5: கேட்டல், எழுத்து, பேச்சு 5, வாசிப்பு 4. எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் திறமைத் தொழிலாளர் பிரிவுக்கு நான்கிலும் 6 வேண்டும். சாதாரண தரத்தில் ஆங்கிலத்தில் சித்தி பெற்ற ஒரு பிள்ளை ஆறேழு மாதம் ஒழுங்காகப் படித்தால் 5ஐத் தொடுவது நடக்கக்கூடியது. முகவருக்குக் கொடுக்கும் முற்பணத்தில் ஒரு சிறு பங்கு அந்தப் படிப்புக்குப் போதும்.

மிகக் கடினமானது வேலை வாய்ப்புக் கடிதம். முகம் பார்க்காத ஒருவரை ஹற்றனிலிருந்து அழைக்க ஒரு சிறு நகர முதலாளிக்கு வலுவான காரணம் வேண்டும். மனிற்றோபாவின் வெளிநாட்டுத் திறமைத் தொழிலாளர் பிரிவு வேலை வாய்ப்பைக் கட்டாயமாகக் கேட்பதில்லை, ஆனால் அந்த மாகாணத்தோடு தொடர்பு கேட்கிறது: நெருங்கிய உறவினர் அல்லது நண்பர், முன்பு அங்கே படித்தது அல்லது வேலை செய்தது, அல்லது மாகாணமே நடத்தும் ஆட்சேர்ப்பில் கிடைத்த அழைப்பு. எங்கள் உறவுகள் அதிகம் இருப்பது ஒன்ராறியோவில். அங்கே சித்தப்பா இருப்பது வினிப்பெக்குக்கு உதவாது.

கடிதமில்லாத அனுபவம்

தகுதி இருக்கிறவர்களும் விழுவது காகிதத்தில்தான். கனடா கேட்கும் அனுபவக் கடிதத்தில் நிறுவனத்தின் தலைப்பு, பதவி, செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை என்ற எல்லாமே இருக்க வேண்டும். கொழும்பில் கடையில் நிற்கும் மலையகப் பையன்களில் எத்தனை பேருக்கு நியமனக் கடிதமாவது இருக்கிறது? சம்பளம் கையில். தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பாவிட்டால் வேலையும் முடிந்தது. எட்டு வருடம் சமைத்த கைக்கு ஒரு வரிச் சாட்சி இல்லை. தோட்டத்திலும் கைக்காசுக்குப் போகிறவர்களுக்கு இதே கதைதான்.

ஊழியர் சேமலாப நிதிப் பதிவு இருந்தால் அது நல்ல துணைச் சான்று. இன்று எங்கே வேலை செய்தாலும் அந்தப் பணம் உங்கள் பெயரில் போகிறதா என்று பாருங்கள். வெளிநாடு போகாவிட்டாலும் அது உங்கள் உரிமை. விலகும்போது முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வராமல் கடிதத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

வேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு இலங்கையிலேயே ஒரு வழி இருக்கிறது, அதை ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்பது எனக்கு விளங்குவதில்லை. தேசிய தொழிற்தகைமை எனப்படும் என்.வி.கியூ. சான்றிதழைப் பயிற்சி நெறி படிக்காமலே, முன் அனுபவத்தை மதிப்பிடும் முறையில் பெறலாம். மின்னிணைப்பாளர், ஒட்டுத்தொழில், வாகனம் திருத்துதல், சமையல் போன்ற தொழில்களுக்கு இது பொருந்தும். மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் விசாரிக்கலாம். படிக்க விரும்புகிறவர்களுக்கு ஹற்றன் பகுதியிலேயே தொண்டமான் பெயரிலான தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. கனேடியப் படிநிலை 2இல் வரும் மின்னிணைப்பும் ஒட்டுத்தொழிலும் அங்கே ஆள் பற்றாக்குறைத் தொழில்கள். வெளிநாடு சரிவராவிட்டால் அந்தச் சான்றிதழ் கொழும்பிலும் சம்பளத்தைக் கூட்டும்.

பெயர்ப் பிரச்சினையை இப்போதே சரிசெய்ய வேண்டும். செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் சிங்கள எழுத்துக்கூட்டலில் இன்னொன்று, அடையாள அட்டையில் மூன்றாவது. பிறப்பைப் பதியாமல் உத்தேச வயதுச் சான்றிதழோடு வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். விண்ணப்பம் போட்ட பிறகு இதைத் திருத்த ஓடினால் காலக்கெடு போய்விடும்.

வன்னியில் இருப்பவர்களுக்கு

மலையகம் மத்திய மலைநாட்டோடு முடிவதில்லை. 1977இலும் 1983இலும் அடிவாங்கி வடக்கு நோக்கிப் போன தோட்டக் குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறின. கடைசி யுத்தத்தில் அகப்பட்டவர்களில் அவர்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். 2009இல் ஆவணங்களை இழந்தவர்கள், முகாமில் இருந்தவர்கள், தடுத்து வைக்கப்பட்டவர்கள், புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டவர்கள் இதை வாசிக்கிறீர்கள் என்பதால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கனடாவின் படிவங்கள் கைது, தடுப்புக்காவல், ஆயுத அமைப்புகளோடு தொடர்பு, முன்பு நிராகரிக்கப்பட்ட விசாக்கள் எல்லாவற்றையும் கேட்கும். 2006 ஏப்ரலிலிருந்து விடுதலைப் புலிகள் அங்கே தடைசெய்யப்பட்ட அமைப்பு. அமைப்பில் இருந்தவர் என்று கருதப்பட்டால், திறமைத் தகுதி எவ்வளவு இருந்தாலும் குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனது, சிறுவயதில் நடந்தது என்பவை முக்கியமான விடயங்கள். ஆனால் அவற்றைச் சட்டத்தரணி மூலம் முறையாக முன்வைக்க வேண்டும். ‘அதை எழுதாதே’ என்று எந்த முகவராவது சொன்னால் அவரிடம் உங்கள் கடவுச்சீட்டை விடாதீர்கள். மறைத்தது தெரியவந்தால் 40ஆம் பிரிவின் கீழ் ஐந்து வருடத் தடை. உண்மையைச் சொல்லி நிராகரிக்கப்பட்டால் அந்தத் தடை இல்லை.

அவுஸ்திரேலியாவும் வியாபாரிகளுக்கான பிரிவும்

அவுஸ்திரேலியாவின் 491 விசாவும் இதே வகை. 2019 நவம்பரில் வந்தது. மாநிலப் பரிந்துரைக்கு 15 புள்ளி, மொத்தம் குறைந்தது 65 புள்ளி, 45 வயதுக்குள், தொழிற்திறன் மதிப்பீடு, ஐ.ஈ.எல்.ரி.எஸ். நான்கிலும் 6. ஐந்து வருட விசாவில் சிட்னி, மெல்பேர்ண், பிறிஸ்பேன் தவிர்ந்த பகுதிகளில் மூன்று வருடம் வாழ்ந்து வரி செலுத்திய பிறகு 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பெரும்பாலும் டிப்ளோமாவோ பட்டமோ உள்ளவர்களுக்கே இது.

ஊருக்கு ஆள் தேவை என்பதும் சட்டம் ஆளை ஏற்பதும் ஒன்றல்ல என்று காட்டிய இடம் குயின்ஸ்லாந்தின் பிலோயெலா. படகில் போன ஒரு தமிழ்க் குடும்பம் அந்தச் சிற்றூரில் வாழ்ந்தது. தகப்பன் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். 2018இல் விடியற்காலையில் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கிறிஸ்மஸ் தீவிலும் அடைத்து வைத்தார்கள். ஊர் மக்கள் நான்கு வருடம் விடாமல் போராடிய பிறகு, 2022இல் திரும்பிவந்து நிரந்தர விசா பெற்றார்கள். அது விதிவிலக்கு, வழி அல்ல. படகு வழி 2013இலிருந்தே அடைபட்டுவிட்டது.

முதலீட்டாளர் பிரிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனிற்றோபா கேட்பது ஐந்து இலட்சம் டொலர் சொத்து. வினிப்பெக்குக்கு வெளியே என்றாலும் குறைந்தது 150,000 டொலர் முதலீடு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிற்றூர்த் திட்டத்தில் மூன்று இலட்சம் சொத்து, ஒரு இலட்சம் முதலீடு. நமது கணக்கில் அந்த மூன்று இலட்சமே ஆறு கோடி ரூபாவைத் தாண்டும். முதலில் தற்காலிக அனுமதியில் போய், கடையை நடத்திக் காட்டிய பிறகே பரிந்துரை. பணத்தை வைப்பிலிட்டுவிட்டு வதிவிடம் பெறும் முறையைப் பிரின்ஸ் எட்வேர்ட் தீவு வைத்திருந்தது. முறைகேட்டுச் சர்ச்சைகளுக்குப் பிறகு 2018இல் அதை மூடியது. சஸ்கச்சுவான் தன் முயற்சியாளர் பிரிவையே 2025இல் நிறுத்திவிட்டது. லயனில் இருப்பவருக்குச் சொந்தமாக ஒரு பேர்ச்சஸ் காணிக்கான உறுதிகூட இல்லாத நிலையில் இதற்குமேல் பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

பணம் யாருக்கு, எதற்கு

முறையாகச் செலவாகும் பணம் எது? பரீட்சைக் கட்டணம், கல்விச் சான்றிதழ் மதிப்பீடு, மருத்துவச் சோதனை, பொலிஸ் அறிக்கை, கைவிரல் அடையாளம், விண்ணப்பக் கட்டணம். இவற்றை நீங்கள் நேரடியாகக் கட்டலாம், பற்றுச்சீட்டு வரும். இதைத் தவிர எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியில் வேலை வாய்ப்பு இல்லாமல் போகிறவர் தன் கணக்கில் பணம் காட்ட வேண்டும்: தனி ஆளுக்கு ஏறத்தாழ 15,000 டொலர், நால்வர் குடும்பத்துக்கு 28,000. அது உங்கள் பணம், உங்களிடமே இருக்கும். கடன் வாங்கிக் காட்டக் கூடாது. தனி ஆளுக்கான தொகையே முப்பது இலட்சம் ரூபாவுக்கு மேல். 2024 செப்டெம்பரில் நிர்ணயமான 1,350 ரூபா நாட்சம்பளத்தில், மாதம் 25 பேர் விழுந்தால், ஒரு சதமும் செலவழிக்காமல் ஏழு வருடத்துக்கு மேல் சேர்க்க வேண்டும். 2026 வரவு செலவுத் திட்டம் சொன்ன 1,750 ரூபாவில் போட்டாலும் ஐந்தரை வருடத்துக்கு மேல்.

வேலை வாய்ப்புக்கு விலை கிடையாது. வெளிநாட்டவரை எடுக்க முதலாளி கட்டும் 1,000 டொலர் மதிப்பீட்டுக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் அறவிட மத்திய விதி அனுமதிப்பதில்லை. மனிற்றோபா உட்படப் பல மாகாணங்களில் ஆட்சேர்ப்புக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்குவதே சட்டவிரோதம். போலி வேலைக் கடித வியாபாரம் பெருகியதால் 2025 மார்ச்சில் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை வாய்ப்புக்குக் கொடுத்த புள்ளிகளையே எடுத்துவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டை மலையகத்துக்கு விளக்க வேண்டியதில்லை. கங்காணி முற்பணம் கொடுத்துக் கூட்டிவந்தார். இறங்கும்போதே ஆள் கடன்காரர். கடன் எழுதிய துண்டோடுதான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முடிந்தது. 1921இல்தான் அந்தத் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. இன்று முற்பணத்தை நாங்களே கொடுக்கிறோம் என்பதுதான் மாற்றம்.

கட்டணம் வாங்கிக் கனேடிய விண்ணப்பத்துக்கு உதவ மூன்று தரப்பினருக்கு மட்டுமே உரிமை உண்டு: அங்குள்ள மாகாணச் சட்டத்தரணிகள் சங்கத்தில் பதிவுள்ளவர்கள், கியூபெக் நொத்தாரிசுகள், குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிவுள்ள ஆலோசகர்கள். கல்லூரியின் பதிவேடு இணையத்தில் யாரும் பார்க்கக்கூடியது. பெயரையும் பதிவிலக்கத்தையும் கேளுங்கள், நீங்களே தட்டிப் பாருங்கள். இலங்கையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கிறவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். அந்த அனுமதிப்பத்திரம் வேலைக்கு மட்டும்தான். அதைக் காட்டி நிரந்தர வதிவிடம் எடுத்துத் தருவதாகச் சொன்னால், அதற்கான உரிமை அந்தப் பத்திரத்தில் இல்லை.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். உங்கள் பெயரில் விண்ணப்பம் உண்மையிலேயே போடப்பட்டிருந்தால் அதற்கு ஒரு கோப்பிலக்கம் இருக்கும். அதையும் அனுப்பிய படிவங்களின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் வாசிக்காமல் கையெழுத்து வைத்த படிவத்தில் பொய் இருந்தாலும், அந்த ஐந்து வருடத் தடை முகவருக்கு அல்ல, உங்கள் பெயருக்குத்தான் விழும்.